புது டெப்பும் பழைய கொப்பிகளும்

ஐபாட் மினியின் ஏழாம் தலைமுறை 2024 ஒக்டோபரில் வந்தது. என் கையில் இருப்பது 2019 மார்ச்சில் வெளியான ஐந்தாம் தலைமுறை. மாற்றுவதா, இதையே வைத்து ஓட்டுவதா என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கடையில் ஒன்று சொல்வார்கள். கனடாவில் இருக்கிற மச்சான் வட்ஸ்அப்பில் வேறொன்று சொல்வார். அதனால் இந்த டெப் எனக்கு எதற்கு என்பதை முதலில் எழுதிவைக்கிறேன்.

ஒன்று, நூலகம் என்னும் மின்னூலகத் தளத்தில் இருக்கும் பழைய நூல்களை வாசிக்க. இரண்டு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் கூத்துப் பழகும்போதும் அரங்கேறும்போதும் கொப்பி பார்க்க. மூன்று, வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கும் கூத்துக் கொப்பிகளைப் படமெடுக்க.

மற்றதெல்லாம் போனில் நடக்கிறது. இந்த மூன்று வேலைக்கும் புதியது எவ்வளவு கூடுதலாக உதவும்? கணக்கு அவ்வளவுதான்.

*

ஏன் சின்ன டெப்? மட்டக்களப்புக் கூத்தில் மத்தளம் அடித்து ஆட்டத்தை நடத்துபவர் அண்ணாவியார். அவருக்குப் பக்கத்தில் கொப்பியோடு நிற்பவர் ஏட்டண்ணாவியார். வரவு விருத்தம் தொடங்கி தரு, கொச்சகம், வசனம் என்று கூத்து விடியும்வரை போகும். ஆடுபவருக்கு அடி மறந்தால் எடுத்துக் கொடுப்பதும், அடுத்த வரவுக்கு யார் தயாராக வேண்டும் என்று பார்ப்பதும் அவர் வேலை. இரவு முழுக்க ஒரு கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மடிக்கணினி அங்கே உதவாது. பதினொரு அங்குல ஐபாட் அரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். அதுவும் கையை நோகச் செய்யும். போன் திரையில் ஒரு விருத்தம் முழுதாகத் தெரியாது. என்னிடம் இருக்கும் மினி 300 கிராம். புதியது 293 கிராம். இந்த ஏழு கிராமைக் கை அறியாது.

*

சட்டங்கொடுத்தல். ஆட வருகிறவரின் கையில் அவருடைய பாத்திரத்துக்குரிய பாட்டுகளைக் கொடுக்கும் சடங்கு. முன்பு ஏட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு கொப்பித் தாளில். இப்போது பொடியன்கள் அதே பக்கத்தைப் போனிலும் படமாக வாங்கிக்கொள்கிறார்கள். சடங்கில் கைமாறுவது தாளாகவே இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். பழகுவதற்குப் படம் போதும். பொறுப்பை ஏற்பதற்குத் தாள் வேண்டும்.

*

பழக்கத்தின்போது ஓர் இரவு. ஏட்டண்ணாவியாருக்கு எழுபதைத் தாண்டிய வயது. என் டெப்பை இடக்கையில் பிடித்திருந்தார்; பெருவிரல் கீழே ஹோம் பட்டனுக்குப் பக்கத்து அகலப் பட்டையில் பதிந்திருந்தது. திரையில் கைகொண்டு எழுதிய ஒரு பக்கத்தின் படம். நீல மை, கோடுபோட்ட தாள், வரிகள் தாளின் இரு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு போகின்றன.

"ஒள்ளம் பெரிசாக்கு மனே" என்றார்.

இரண்டு விரலால் விரித்துக் காட்டினேன். எழுத்துப் பெரிதாகியது, வரியின் கடைசிச் சீர்கள் திரைக்கு வெளியே போய்விட்டன.

"மறுகா அடி முடியிற இடம் தெரியல்லையே."

டெப்பைக் கிடையாகத் திருப்பிக் கொடுத்தேன். வரி முழுதாக வந்தது. ஆனால் விருத்தத்தின் பிற்பாதி கீழே ஒளிந்துகொண்டது. மத்தளம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவர் திரையை மேலே தள்ளிப் பார்ப்பதற்குள் ஆடுபவர் தானாகவே அடியைப் பிடித்துக்கொண்டார்.

புதியதை வாங்கும் எண்ணம் அந்த இரவில்தான் வலுத்தது.

*

திரைக் கணக்கு. விளம்பரத்தில் 7.9 அங்குலம் 8.3 ஆகியிருக்கிறது என்பார்கள். அது மூலைக்கு மூலை அளந்த அளவு. பக்கம் வாசிக்கிறவனுக்கு அகலமும் உயரமும் தனித்தனியே வேண்டும்.

பழையதில் 2048க்கு 1536 புள்ளிகள். புதியதில் 2266க்கு 1488. இரண்டிலும் ஓர் அங்குலத்துக்கு 326 புள்ளிகள். வகுத்துப் பார்த்தால் பழைய திரை ஏறத்தாழ 160 மில்லிமீற்றர் உயரம், 120 அகலம். புதியது 177 உயரம், 116 அகலம். அதாவது பெரிய திரை என்று சொல்லப்படுவது நிமிர்த்திப் பிடிக்கும்போது நாலு மில்லிமீற்றர் ஒடுங்கியது. வரியின் அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்தி வாசித்தால் புதியதில் எழுத்து ஒரு மயிரிழை சிறுக்கும்.

ஆனால் முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் வைக்கிறபோது கதை மாறுகிறது. நம்முடைய பழைய நூல்களில் பல கிரவுண் அளவு. பக்கம் ஏறத்தாழ 184க்கு 122 மில்லிமீற்றர். பழைய திரையில் முழுப் பக்கமும் தெரிய வேண்டுமென்றால் அதை 87 வீதமாகச் சுருக்க வேண்டும், ஏனென்றால் உயரம் போதாது. புதியதில் 95 வீதம். டெமி அளவு நூலுக்கு 74 வீதம், 82 வீதம். ஆக, முழுப் பக்கமாக வாசிப்பவருக்குப் புதியதில் எழுத்து ஏறத்தாழ பத்திலொரு பங்கு பெரிது. கிடையாகப் பிடித்தாலும் அதே பத்திலொரு பங்குதான், ஆனால் தெரியும் வரிகள் குறையும்.

பத்திலொரு பங்கு நல்ல இலாபம். எழுபது வயதுக் கண்ணுக்கு அது போதுமா என்பதுதான் சந்தேகம்.

*

வெளிச்சம். இரண்டுக்கும் உச்சம் 500 நிற்ஸ்தான். பகலில் வாவிக்கரையில் உட்கார்ந்து வாசிக்க நினைப்பவருக்குப் புதியதால் நன்மை இல்லை. கூத்துக் களரியில் இரவு, அங்கே வெளிச்சத்தைக் குறைத்துத்தான் வைக்கிறோம், ஆடுபவரின் கண்ணில் அடிக்கக்கூடாது என்று.

ஆறாம் தலைமுறை 2021இல் வந்தபோது ஒரு குறை பேசப்பட்டது: திரையை உருட்டும்போது ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் நகர்கிறது என்று. பக்கம் பக்கமாகப் புரட்டி வாசிப்பவரை அது தொடாது. நீளமாக உருட்டி வாசிப்பவர் வாங்குமுன் கையில் எடுத்து உருட்டிப் பார்க்க வேண்டும்.

*

கமரா. பழையது 8 மெகாபிக்சல், ஃபிளாஷ் கிடையாது. புதியது 12, ஃபிளாஷ் உண்டு. ஒரு ஏ4 தாளைத் திரை நிறைய எடுத்தால் பழையதில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 280 புள்ளிகள் விழும், புதியதில் 345. எழுத்துப் பக்கத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது 300. பெரிய கணக்குக் கொப்பி அளவுத் தாளுக்குப் பழையது மயிரிழையில் தவறுகிறது. ஆனால் நான் காணும் கூத்துக் கொப்பிகளில் பெரும்பாலானவை பாடசாலைக் கொப்பிகள், ஏ4இல் பாதிக்குக் கிட்டவானவை. அவற்றுக்கு 8 மெகாபிக்சலே அங்குலத்துக்கு 390 தருகிறது. தாராளம்.

ஃபிளாஷ் பழைய தாளுக்கு நல்லதல்ல. எண்ணெய் பட்ட இடம் பளபளத்து எழுத்தை அழிக்கும். காலை ஏழு எட்டு மணிக்கு விறாந்தையில், வெயில் நேரே விழாத இடத்தில், வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் கொப்பியை வைத்து எடுப்பதுதான் சரி. மறுபக்க மை ஊடுருவித் தெரிந்தால் தாளுக்கு அடியில் ஒரு கறுப்புக் கடதாசி வைக்க வேண்டும். மூலை மடிந்திருந்தால் விரலால் பிடிக்காமல் கண்ணாடித் துண்டை மெதுவாக வைக்கலாம். ஒவ்வொரு கொப்பிக்கும் முதற்படமாக ஊர், கூத்தின் பெயர், ஆட்டமுறை வடமோடியா தென்மோடியா, யார் வைத்திருந்தது, யார் எழுதியது என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துவிட வேண்டும். இது இல்லாவிட்டால் பத்து வருடத்துக்குப் பிறகு படம் இருக்கும், அது எந்த ஊர்க் கொப்பி என்பது இருக்காது.

இவற்றில் எதையும் புதிய டெப் செய்து தராது. நாம்தான் செய்ய வேண்டும்.

*

பற்றரி. பத்து மணிநேரம் என்று ஆப்பிள் இரண்டுக்கும் சொல்கிறது. அரங்கேற்ற இரவு முழுவதுக்கும் புதிதாக இருந்த காலத்தில் என்னுடையது தாங்கியது. இப்போது நடுச்சாமத்துக்குப் பிறகு பவர் பேங்க் கேட்கிறது. ஐபாட்டின் பற்றரி ஆயிரம் முறை முழுதாக ஏறி இறங்கியும் 80 வீதக் கொள்ளளவு வைத்திருக்கும்படி செய்யப்பட்டது என்பது கம்பனியின் கணக்கு. அந்தக் கணக்கு குளிரான நாட்டுக்குப் பொருந்தும். பாவிக்கும் இடத்தின் சூடு 35 பாகைக்குள் இருக்க வேண்டும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம்முடைய மத்தியானம் அந்த எல்லையை எளிதாகத் தொடும். தகரக் கூரைக்குக் கீழே சொல்லவே வேண்டாம். சார்ஜ் போட்டபடி வெக்கையில் வைப்பதைத் தவிர்த்தாலே பற்றரியின் ஆயுள் கூடும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் டெப்பின் அருமை தெரிந்தது. வெளிச்சமும் நூலும் ஒரே பொருளில் இருந்தன. பற்றரி நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதை அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன். பற்றரி மாற்றுவதற்கு ஒரு புதிய டெப்பின் விலை வேண்டியதில்லை.

*

உப்பும் ஈரமும். எந்த ஐபாட்டுக்கும் தண்ணீர் புகாது என்ற தரச்சான்று கிடையாது. பழையதும் புதியதும் இதில் ஒன்றே. மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததிலிருந்து படுவான்கரைக்குப் போவது எளிதாகிவிட்டது. ஆனால் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு இன்றும் பாதை எனப்படும் மிதவையில்தான் வாவியைக் கடக்கிறோம். மாரியில் வாடைக் காற்றோடு சாரல் அடிக்கும்போது டெப் இரண்டு பொலித்தீன் பைக்குள் இருக்க வேண்டும். சார்ஜ் போடும் துளையில் உப்புக் காற்று வேலை செய்யும். வாரத்துக்கொருமுறை உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்தால் போதும்.

*

துளைகள். பழையதில் ஹெட்போன் துளை உண்டு, புதியதில் இல்லை. ஊரில் ஒலிபெருக்கிக்காரர் நீட்டும் வயர் அந்தத் துளைக்குத்தான் வரும். பழைய ஒலிப்பதிவில் அண்ணாவியார் ஒருவரின் மத்தளத்தைப் பொடியன்களுக்குப் போட்டுக் காட்ட அதுவே வசதி. புதியதுக்கு இடையில் ஒரு அடப்டர் வேண்டும், அது எப்போதும் யாருடைய பொக்கற்றிலோ தங்கிவிடும்.

மறுபக்கம், புதியதில் யூஎஸ்பி-சி. பென் ட்ரைவை நேரே குத்தி ஒரு கொப்பியின் படங்களை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டு வரலாம். இது எனக்குப் பெரிய விசயம். கொப்பியைத் தந்தவர் கையில் அன்றே ஒரு பிரதி போக வேண்டும். பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனவர்களை அவர்கள் நிறையக் கண்டிருக்கிறார்கள். பழையதிலும் லைட்னிங் அடப்டர் போட்டுச் செய்யலாம், கொஞ்சம் சுற்றுவழி.

*

பென்சில். தாளக்கட்டுக்குப் பக்கத்தில் அடையாளம் போட முதல் தலைமுறைப் பென்சில் வைத்திருக்கிறேன். அது ஏழாம் தலைமுறையோடு வேலை செய்யாது. ஆறாம் தலைமுறைக்குரிய இரண்டாம் பென்சிலும் ஏழில் வேலை செய்யாது. பென்சில் புரோ 129 டொலர். யூஎஸ்பி-சி பென்சில் 79 டொலர், அதில் அழுத்தத்துக்கு ஏற்ப கோடு தடிக்காது. கோடு போடவும் வட்டமிடவும் மலிந்ததே போதும். ஆனாலும் டெப்பின் விலையோடு இதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

*

விலை. ஏழாம் தலைமுறையின் அறிமுக விலை 499 டொலர், 128 ஜிபி. டொலர் ஏறத்தாழ 300 ரூபா என்று வைத்தால் ஒன்றரை இலட்சம். 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமான வற் வரியைப் போட்டால் ஒரு இலட்சத்து எழுபத்தாறாயிரத்துக்கு மேல். கொண்டுவருபவரின் செலவும் இலாபமும் அதற்கு மேலே. மலிந்த பென்சிலையும் உறையையும் சேர்த்தால் இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிடும். 2019இல் 399 டொலராக அறிமுகமானபோது டொலர் 180 ரூபாவுக்குக் கீழே இருந்தது. வரிக்கு முன் அன்றைய எழுபதாயிரமும் இன்றைய ஒன்றரை இலட்சமும். டொலர்க் கணக்கில் நூறுதான் கூடியது. ரூபாக் கணக்கில் வாங்குகிற நமக்கு 2022இன் ரூபா வீழ்ச்சி நடுவில் நிற்கிறது.

ஆப்பிளின் சொந்தக் கடை இலங்கையில் இல்லை. எந்த நாட்டுக்கு வந்த பொருள், உத்தரவாதம் யார் தருவது என்பதை விற்பவரிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். சிம் போடும் வகையை எடுப்பவர் இன்னொன்றும் கவனிக்க: ஏழாம் தலைமுறையில் சிம் அட்டை போடும் தட்டு இல்லை, இ-சிம் மட்டும்தான். என்னைப் போலப் போனின் ஹொட்ஸ்பொட்டில் ஓட்டுபவருக்கு வைஃபை வகையே போதும்.

*

மலிந்த டெப்கள். சம்சுங்கின் டெப் ஏ9, 2023 கடைசியில் வந்தது, 8.7 அங்குலம். விலை மினியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. திரையில் 1340க்கு 800 புள்ளிகள்; அங்குலத்துக்கு 180ஐயும் தொடாது. படம் பார்க்கவும் பிள்ளைகளின் பாடத்துக்கும் அது போதும். ஸ்கான் செய்த பழைய தமிழ்ப் பக்கத்தில்தான் இடறும். மெய்யெழுத்தின் புள்ளி, ர கரத்துக்கும் காலுக்கும் இடையிலான வேறுபாடு, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பது, இவை மங்கும். கூத்துப் பாட்டில் ஒரு நெடில் குறிலானால் தாளம் தட்டும்.

மைத்திரை வாசிப்புக் கருவிகள் கண்ணுக்கு இதம். ஆனால் நூறு பக்கப் படப் பிடிஎஃப்பைத் திறந்து நடுவில் ஒரு பக்கத்துக்குத் தாவ அவை திணறும். ஏட்டண்ணாவியாருக்குத் தாவுவதுதான் வேலை.

*

சிப்பும் செயற்கை நுண்ணறிவும். புதியதில் ஏ17 புரோ, 8 ஜிபி நினைவகம். என்னுடையதில் ஏ12, 3 ஜிபி. வேகம் பல மடங்கு என்பது உண்மை. ஆனால் பக்கம் புரட்டுவதற்கு அந்த வேகம் தேவைப்படவில்லை. கனமான பிடிஎஃப்பில் மட்டும் பழையது ஒரு கணம் வெள்ளையாக நின்று பிறகு காட்டுகிறது. படங்களைச் சிறிய கோப்புகளாகப் பிரித்துவைத்தால் அதுவும் இல்லை. ஏழாம் தலைமுறையை விற்பதற்குச் சொல்லப்படும் முதற்காரணம் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ். அது வேலை செய்யும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. என் வேலை முழுக்கத் தமிழில்.

தமிழ் விசைப்பலகை வேறு கதை. தமிழ்99உம் அஞ்சலும் 2013இலேயே ஐஓஎஸ் 7 உடன் உள்ளே வந்துவிட்டன. ஐந்தாம் தலைமுறையில் ஒரு புளூடூத் விசைப்பலகையை இணைத்தால் மணிக்கணக்கில் தட்டலாம்.

*

எவ்வளவு காலம் ஓடும்? 2015இல் வந்த நான்காம் தலைமுறைக்கு ஐபாட் ஓஎஸ் 15தான் கடைசி. என்னுடையதுக்கு 2025இல் வந்த ஐபாட் ஓஎஸ் 26உம் கிடைத்திருக்கிறது. நான்காவதின் போக்கைப் பார்த்தால் இன்னும் அதிக வருடம் இருக்காது. ஆனால் புதிய ஓஎஸ் நின்ற நாளே டெப் சாவதில்லை. உள்ளே சேமித்த பக்கங்களை அது காட்டிக்கொண்டுதான் இருக்கும். வங்கி வேலையை மட்டும் அதில் வைத்துக்கொள்ளக்கூடாது.

அடுத்தது வரட்டும் என்று காத்திருப்பதிலும் பொருளில்லை. 2012 முதல் 2015 வரை வருடம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு 2019, 2021, 2024. எப்போது வரும் என்று ஊகித்து வேலையைத் தள்ளிவைக்க முடியாது.

*

தாளின் ஆயுள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவை நடத்திய காலத்தில் 1962இல் அலங்காரரூபன் நாடகத்தைப் பதிப்பித்தார். அதே வருடம் பேராதனையில் கர்ணன் போரை மேடையேற்றினார், 1964இல் இராவணேசன். எஃப். எக்ஸ். சி. நடராசாவின் மட்டக்களப்பு மான்மியம் பதிப்பு 1962, பண்டிதர் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964. பேராசிரியர் சி. மௌனகுருவின் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் 1998. இவை அச்சேறியதால் நம் கைக்கு வந்தன. ஊர்க் கொப்பிகளில் பெரும்பகுதி அச்சேறவில்லை.

1978 நொவம்பர் 23 சூறாவளி வீட்டுக் கூரைகளைக் கொண்டுபோனது. கூரைக்குக் கீழே தொங்கிய பெட்டிகளும் போயின. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் எடுத்தது. 1990இலும் 2006, 2007இலும் போரால் இடம்பெயர்ந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கினார்கள், கொப்பிகளைத் தூக்க நேரமில்லை. மிஞ்சியதைக் கறையானும் வெள்ளமும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நாம் மறக்கவில்லை. நூலகம் மின்னூலகம் 2005இல் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து சேர்த்த செல்வத்தில்தான் நானும் வாசிக்கிறேன். அதில் எடுத்துக்கொள்கிறவன் கொடுக்கவும் வேண்டும்.

*

மறுபடி அந்த இரவுக்கு வருகிறேன். ஏட்டண்ணாவியாருக்கு எழுத்துப் பெரிதாகவும் வேண்டும், அடி முழுதாகவும் வேண்டும். புதிய திரை பத்திலொரு பங்கு தருகிறது. அவருக்கு வேண்டியது ஒன்றரை மடங்கு. எந்தச் சின்ன டெப்பாலும் அதைத் தர முடியாது, ஏனென்றால் அவர் பார்த்தது ஒரு படம். படத்தில் வரி எழுதியவரின் கையகலத்துக்குக் கட்டுப்பட்டது. அதையே தட்டச்சு செய்து எழுத்தாக வைத்தால் எந்தத் திரையிலும் வேண்டிய அளவுக்குப் பெருக்கலாம். வரி தானாக மடிந்து அடுத்த வரிக்கு வரும். அடி முடியும் இடத்தில் நாமே இடைவெளி விடலாம். பாத்திரத்தின் பெயரைத் தேடினால் அவர் வரவுக்கு நேரே தாவலாம்.

குறை டெப்பில் இல்லை. கொப்பி இன்னும் எழுத்தாகவில்லை என்பதுதான் குறை.

*

தட்டச்சு எவ்வளவு வேலை? அச்சுப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் வசதி கூகுளில் தமிழுக்கும் உண்டு. 1960களின் நூல்களில் அது பழைய ணை, லை, னை, றா வடிவங்களில் இடறும், திருத்திக்கொள்ளலாம். கைகொண்டு எழுதிய கொப்பியில் அது கைகொடுக்காது. மனிதர்தான் உட்கார வேண்டும். அதுவும் பாட்டுத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கொப்பியில் புள்ளி விடுபட்ட இடத்தில் என்ன சொல் என்று பாடிப் பார்த்தால்தான் தெரியும். நான் கண்டவரையில் அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் மத்தளத்துக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவர்கள். அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. டெப் பழசாவதைவிட இதுதான் அவசரம்.

*

முடிவு. இப்போது வாங்கவில்லை.

பற்றரியை மாற்றுவேன். 64 ஜிபி நிறைந்துவருவதால் எடுத்த படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைப்பேன், ஒன்று என் வீட்டில், ஒன்று வேறு ஊரில். வெள்ளம் ஒரே நாளில் இரண்டையும் எடுக்காதபடி. மிஞ்சும் பணத்தைத் தட்டச்சுக்கு ஒதுக்குவேன். ஊரில் ஏ.எல். முடித்துவிட்டு இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூலி கொடுத்தே செய்விக்க வேண்டும், சேவை என்று சொல்லி அவர்களின் நேரத்தை வாங்கக்கூடாது.

எப்போது மாற்றுவேன்? பற்றரி மாற்ற ஆளில்லாமல் போனால், அல்லது பெரிய தாள் கொப்பிகள் ஒன்றாகக் கிடைத்துக் கமரா போதாமல் போனால். அப்போதும் 128 ஜிபிக்குக் குறைந்ததை எடுக்க மாட்டேன்; பழைய ஆறாம் தலைமுறையின் 64 ஜிபி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

டெப்பே இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குகிறவருக்கு என் பதில் வேறு. பணம் இருந்தால் ஏழாவதை வாங்குங்கள். முழுப் பக்க வாசிப்பும் பென் ட்ரைவ் வசதியும் உதவும். பணம் இல்லையென்றால் கையில் இருக்கும் போனிலேயே படமெடுக்கத் தொடங்குங்கள். இன்றைய சாதாரணப் போன் கமரா என் டெப்பைவிட நல்லது.

*

அனுமதி. கொப்பி ஊருடையது, அண்ணாவியார் குடும்பத்துடையது. படமெடுக்க விட்டவர் இணையத்தில் போடவும் விட்டார் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். இல்லை என்றால் பிரதி அவர்கள் கையிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் மட்டும். ஊர் ஒருநாள் சம்மதிக்கலாம். அன்றைக்குப் படம் இருக்க வேண்டும்.

*

அடுத்த பழக்கம் தொடங்குமுன் செய்ய வேண்டியது: ஏட்டண்ணாவியார் அன்று வைத்திருந்த அந்தக் கூத்தை முதலில் எழுத்தாக்குவது. வரவுகளைத் தனித்தனிக் கோப்பாகப் பிரிப்பது. அவரோடு உட்கார்ந்து ஒரு தரம் பாடித் திருத்துவது. டெப்பில் அவருக்கு வேண்டிய அளவில் வைப்பதோடு, 20 புள்ளி எழுத்தில் ஏ4 தாளில் அச்சடித்து, கம்பிச் சுருள் போட்டு அவர் கையில் ஒன்று கொடுப்பது. டெப் பிடிக்க விரும்பாத இரவில் அது இருக்கும். சட்டங்கொடுக்கும் நாளில் பொடியன்களுக்கும் அதிலிருந்தே அவரவர் பாட்டை எடுத்துக் கொடுக்கலாம்.